மடித்த பக்கங்கள்: பூஜ்யம்

ஒரு வகுப்பில் ஒரு நல்ல காரியம் யாரும் உத்தரவு போடாமலே நடந்துகொண்டிருந்தால், அது மேலிடத்துக்கு உறுத்தாமல் இருக்காது. ஏழாம் வகுப்பு இரண்டாம் பிரிவில் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது. மேலிடம் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கோபத்தில் விட்டுப்போய்விடும்.

காலையில் முதல் மணி அடித்ததும் மொழிப்பாட டீச்சர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு உட்காருவார். பிள்ளைகள் நாட்குறிப்பு நோட்டை எடுத்து எழுதுவார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். சிவப்பு மை கிடையாது, மதிப்பெண் கிடையாது. டீச்சர் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி பதில் போடுவார். ‘உங்க பூனைக்குக் கால் சரியாயிடுச்சா?’ என்கிற மாதிரி.

விதி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டீச்சர் படிக்க வேண்டாம் என்று தோன்றுகிற பக்கத்தை நடுவில் மடித்துவிடலாம். மடித்த பக்கத்தை டீச்சர் பிரிக்க மாட்டார். பிள்ளைகள் சும்மா நம்பிவிடுவார்களா? வகுப்பின் கோல்கீப்பர் ஒரு பக்கம் முழுக்க ‘டீச்சர் ஒரு குரங்கு’ என்று எழுதி, மடித்து வைத்துவிட்டு ஒரு வாரம் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு வகுப்பே நம்பியது.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்கு முணுமுணு என்று பெயர் விழுந்திருந்தது. அவள் அப்பாவுக்கு ராத்திரி வேலை. பகலில் அவர் தூங்கும் அறைதான் அவர்களுடைய மொத்த வீடும். பேச்சு வந்த நாளிலிருந்தே கிசுகிசுத்துப் பழகியவள், பள்ளிக்கூடத்திலும் அப்படியே பேசினாள். ‘சத்தமா சொல்லு, சத்தமா சொல்லு’ என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தக் கிசுகிசுப்பும் நின்றுபோயிருந்தது. நாட்குறிப்பில் மட்டும் பக்கம் பக்கமாக எழுதினாள். எழுதியதையெல்லாம் மடித்தாள். மடித்து மடித்து அவள் நோட்டு இரண்டு மடங்கு தடிமனாகிவிட்டது. டீச்சர் ஒவ்வொரு மடிப்பின் வெளிப்பக்கத்திலும் ஒரு சின்ன ‘சரி’ போட்டு வைத்தார்.

ஒருநாள் ஒரு பக்கம் மடிக்காமல் வந்தது. ‘டீச்சர், இன்னைக்கு மழை’ என்று எழுதியிருந்தாள். ‘ஆமா, நானும் நனைஞ்சேன்’ என்று டீச்சர் பதில் எழுதினார். பிறகு சிலதை மடித்தாள், சிலதை விட்டாள். ஒரு காலையில் எழுந்து நின்று, தான் எழுதிய ஒரு வரியைப் படித்தே காட்டினாள். இரண்டாவது பெஞ்சு வரைக்கும்தான் கேட்டது. அது போதும். அன்று டீச்சர் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதையே மூன்று தடவை சொன்னார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவர் மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்.

இந்தப் பிள்ளை கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி பேசிவிட வேண்டும். டீச்சருக்கு அந்த ஆண்டு வேறு ஆசை எதுவும் இல்லை.

அப்புறம் சுற்றறிக்கை வந்தது.

எல்லா ஆசிரியர்களும் ஆளுக்கொரு செயல் ஆராய்ச்சி செய்தாக வேண்டுமாம். தன் வகுப்பில் உள்ள ஒரு பிரச்சினையை ஆசிரியரே கண்டுபிடித்து, ஏதோ ஒன்றைச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று யோசித்து எழுதுவதற்குப் பெயர்தான் செயல் ஆராய்ச்சி. நல்ல யோசனை. யாரோ பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அது ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் கையில் போய் மாட்டியதுதான் பிள்ளைகளின் கெட்ட நேரம்.

“உங்களுக்கென்ன டீச்சர், தலைப்பு ரெடியா இருக்கு. நாட்குறிப்பையே போட்டுடுங்க” என்றார் தலைமையாசிரியர். “மேல இருந்து சொல்றாங்க” என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான் முடிப்பார்.

டீச்சர் பயிற்சி நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஆய்வு ஒருங்கிணைப்பாளருக்கு ஆசிரியர்கள் வைத்திருந்த பெயர் சதவீதம். அறை முழுக்க வரைபடங்கள். எல்லா வரைபடங்களிலும் கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. ஒன்றில் கோடு தாளைத் தாண்டிவிட்டதால் மேலே இன்னொரு தாள் ஒட்டியிருந்தார்கள்.

“வாங்க டீச்சர். உங்க தலைப்புல எனக்கு எண்பது சதவீதம் திருப்தி. பிரச்சினை என்னன்னு எழுதலையே?”

“பிரச்சினைன்னு ஒண்ணும் இல்ல சார். பிள்ளைங்க நல்லா எழுதுறாங்க. எப்படி எழுத ஆரம்பிச்சாங்கன்னு கவனிச்சு எழுதலாம்னு...”

சதவீதம் பேனாவை மூடி வைத்தார். “பிரச்சினை இல்லாம எப்படி டீச்சர் ஆய்வு? தீர்வை எங்கே கொண்டுபோய் வைப்பீங்க?”

“இல்ல சார், ஏற்கனவே நல்லாத்தான்...”

“இப்படிப் பண்ணுங்க. முதல்ல நாட்குறிப்பை நிறுத்துங்க. கொஞ்ச வாரம் யாரும் எழுதக் கூடாது. ஆர்வம் குறையும். குறைஞ்சதும் அளந்துக்குங்க. அது உங்க பிரச்சினை. அப்புறம் மறுபடியும் எழுத வைங்க. அது உங்க தீர்வு.”

டீச்சருக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. “நல்லா இருக்கிற பிள்ளைங்களை எதுக்கு சார் கெடுக்கணும்?”

“உணர்ச்சிவசப்படாதீங்க. உணர்ச்சியெல்லாம் மாணவர் பக்கம். அதை எண்ணுறதுதான் நம்ம வேலை” என்று சொல்லி, தைத்து அட்டை போட்ட அறிக்கை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “மாதிரி இல்ல, இதுதான் அறிக்கை. கோடிட்ட இடத்துல எண்ணை மட்டும் போட்டுடுங்க.”

டீச்சர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ‘இத்தலையீட்டின் விளைவாக மாணவர்களின் சிந்தனைத்திறன் குறிப்பிடத்தக்க வகையில் ______ சதவீதம் உயர்ந்தது கண்டறியப்பட்டது’ என்று இருந்தது.

“குறைஞ்சிருந்தா என்ன பண்றது சார்?”

“குறையாது. அச்சடிச்சாச்சு” என்றார் சதவீதம்.

நாட்குறிப்பு நின்றது. பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். “உங்களை எழுத வைக்கிறதுக்காகத்தான் நிறுத்தச் சொல்லியிருக்காங்க” என்று டீச்சர் உண்மையைச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். முணுமுணு மட்டும் சிரிக்கவில்லை.

முன்தேர்வு வைத்தார்கள். பிரச்சினை இருப்பதை நிரூபிப்பதற்கான தேர்வு அது. அதில் பிள்ளைகள் மோசமாக எழுத வேண்டும். அவர்களோ இத்தனை வாரம் எழுத விடாத ஏக்கத்தில் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதித் தள்ளிவிட்டார்கள். முடிவைப் பார்த்த தலைமையாசிரியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “என்ன டீச்சர், இவ்வளவு நல்லா எழுதிட்டாங்க! நான் மேல என்ன பதில் சொல்றது?” என்று தலையில் கைவைத்தார். தேர்வை மறுபடி வைத்தார்கள். இந்த முறை மதியம், விளையாட்டு மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டபின், ஜன்னலுக்கு வெளியே அணிவகுப்பு டிரம் பயிற்சி நடக்கும்போது. பிள்ளைகள் மூன்று வரி எழுதிவிட்டு மேஜையில் தலை சாய்த்தார்கள். பிரச்சினை வெற்றிகரமாக உருவாக்கப்பட்டது. நிறுவனத்திலிருந்து பாராட்டி ஃபோன் வந்தது.

பிறகு தீர்வு தொடங்கியது. நாட்குறிப்பு திரும்ப வந்தது, அதே நோட்டில், அதே முதல் மணியில். ஆனால் பென்சில் பதில் இல்லை. ஆய்வாளர் பதில் எழுதினால் தரவு கெட்டுவிடுமாம். பதிலுக்குப் பதில் மதிப்பீட்டு அட்டவணை வந்தது. ‘உணர்ந்தேன்’ என்ற சொல்லுக்கு ஒரு புள்ளி. ‘கற்றுக்கொண்டேன்’ என்றால் இரண்டு. ‘என் வாழ்வில் ஒரு திருப்புமுனை’ என்று எழுதினால் ஐந்து. வெளிப்படைத்தன்மை முக்கியம் என்பதால் அட்டவணையைக் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னார்கள்.

பிள்ளைகள் என்ன மடையர்களா? மறுநாள் கோல்கீப்பர் எழுதினான்: ‘காலையில் பல் தேய்த்தேன். பல் தேய்ப்பதன் மூலம் பல் தேய்ப்பதைக் கற்றுக்கொண்டேன். தேய்த்து முடித்ததும் முடித்துவிட்டதை உணர்ந்தேன். இது என் வாழ்வில் ஒரு திருப்புமுனை.’ வகுப்பிலேயே அதிகப் புள்ளி அவனுக்குத்தான். சதவீதம் அந்தப் பக்கத்தைப் பயிற்சி வகுப்பில் காட்டி, ‘ஆழ்சிந்தனை’ என்றார். பூனையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முட்டை. பூனைக்கு அட்டவணையில் இடமில்லை. அந்த வாரமே வகுப்பில் எல்லாருக்கும் வாழ்க்கை திரும்பிவிட்டது. சிலருக்கு ஒரே பக்கத்தில் இரண்டு தடவை.

முணுமுணு மட்டும் பழையபடி எழுதி, பழையபடி மடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பை மேற்பார்வையிட வந்த சதவீதத்துக்கு அந்தத் தடித்த நோட்டைக் கண்டதும் மூக்கில் வியர்த்துவிட்டது.

“இது என்ன?”

“மடிச்ச பக்கம் சார். அதை நாங்க படிக்கிறதில்ல.”

“விடுபட்ட தரவுன்னு சொல்லுங்க. பிரிங்க.”

“பிரிக்க மாட்டேன் சார். பிள்ளைங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

சதவீதத்துக்குக் கோபம் வரவில்லை. அவர் கோபப்படுகிறவரே இல்லை. மிகவும் பொறுமையாகத்தான் சொன்னார்: “நீங்க பிரிக்க வேண்டாம் டீச்சர். உங்க வாக்கு உங்களோட இருக்கட்டும். நிறுவனம் யாருக்கும் வாக்குக் கொடுக்கலையே?”

டீச்சர் அன்று சாயங்காலம் நோட்டுகளையெல்லாம் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மறுநாள் வந்தபோது பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே நோட்டுகள் இல்லை. மாற்றுச்சாவி அலுவலகத்தில் உண்டு என்பது டீச்சருக்குத் தெரியாது.

“யாரு சார் எடுத்தது?” என்று தலைமையாசிரியர் அறையில் போய் நின்றார்.

“எடுக்கல டீச்சர், ஒப்படைச்சோம். மேல இருந்து...”

“மேல மேலன்னு சொல்றீங்களே, அந்த அலமாரி கீழதானே சார் இருக்கு? அந்தப் பிள்ளைங்களும் கீழதானே இருக்காங்க?”

தலைமையாசிரியர் மேஜைமேல் இருந்த காகித எடையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது.

நிறுவனத்தில் நடந்தது பிறகு தெரிந்தது. மடிப்புகளைப் பிரித்து ஸ்கேனரில் வைத்தபோது நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. கோடு விழுந்தால் கணினிக்குப் படிக்க வராது. அதனால் ஒரு இஸ்திரிப் பெட்டி வரவழைத்து, இரண்டு ஊழியர்கள் உட்கார்ந்து, பிள்ளைகள் மடித்த பக்கங்களையெல்லாம் தேய்த்துத் தட்டையாக்கியிருக்கிறார்கள். அறிக்கையில் இதற்குத் ‘தரவைச் சீர்செய்தல்’ என்று பெயர். இஸ்திரிப் பெட்டியின் படமும் இருக்கிறது.

நோட்டுகள் திரும்பி வந்தபோது புதிது போலத் தட்டையாக இருந்தன. பிள்ளைகள் வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். முணுமுணு ஒரு பக்கத்தை எடுத்து, முன்பு மடிப்பு இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டாள். டீச்சரை அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அது அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லியிருக்க மாட்டேன். பெற்றோர் கூட்டத்தன்று நடைபாதையில் ‘ஆய்வு மூலை’ என்று ஒரு தட்டி வைத்தார்கள். நடுவில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய ஒரு நாட்குறிப்புப் பக்கம். முணுமுணுவின் பக்கம். கீழே, ‘ஆய்வு அறநெறிப்படி மாணவியின் பெயர் மறைக்கப்பட்டுள்ளது’ என்று அச்சிட்டிருந்தார்கள். உண்மைதான், பெயர்மேல் கறுப்பு மை பூசியிருந்தது. இடதுபக்கம் சாய்ந்து, சுழிகளெல்லாம் பொடியாக இருக்கும் அவள் கையெழுத்தை வகுப்பே அறியும். அதை மறைக்க அறநெறியில் இடமில்லை போலிருக்கிறது.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது? சொல்லப்போவதில்லை. அது மடித்த பக்கம். தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களிடம் இஸ்திரி போட்ட பிரதி இருக்கிறது.

டீச்சர் வந்து பார்த்தபோது தட்டிக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். தையல் கடையில் பட்டன் தைக்கிறவர். விரலில் உறை போட்டபடியே வந்திருந்தார். எல்லாரும் படித்துவிட்டு நகர்ந்துகொண்டிருக்க, அவர் மட்டும் நகரவில்லை.

“இது என் பொண்ணு எழுத்து டீச்சர்.”

டீச்சர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“என்கிட்ட அவ இதைச் சொல்லவே இல்ல. உங்ககிட்ட சொன்னாளா?”

“இல்லம்மா. என்கிட்டயும் சொல்லல. மடிச்சு வச்சிருந்தா.”

“அப்ப இவங்ககிட்ட யாரு சொன்னது?”

டீச்சர் இரண்டு கையாலும் அந்தத் தாளைப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை கிழித்தார். ஒட்டியிருந்த பசை விடாத இடங்களை நகத்தால் சுரண்டினார். துண்டுகளையெல்லாம் திரட்டி அந்தத் தாயின் கையில் கொடுத்தார். அடுத்த வாரம் அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தரவைச் சேதப்படுத்தியது குற்றமாம். ஸ்கேன் செய்த பிரதி பத்திரமாக இருப்பதால் இந்த முறை மன்னிக்கிறோம், ஆண்டு ஆய்வு மாநாட்டில் அறிக்கையைச் சமர்ப்பிக்கத் தவறக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள்.

“போகாதே” என்றார் கணவர்.

“போவேன். மைக் குடுப்பாங்கல்ல, அதுல சொல்லிட்டு வரேன்.”

“என்னன்னு?”

“நடந்ததை.”

“நடந்ததைச் சொல்றதுக்கா மாநாடு வைக்கிறாங்க?” என்றார் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். டீச்சருக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

மாநாட்டு அரங்கில் முன்வரிசையில் சோபாக்கள், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். டீச்சரின் உரைக்கான படங்களை நிறுவனமே தயாரித்து வைத்திருந்தது. திரையில் பெரிய எழுத்தில் விழுந்தது: ‘மடித்த பக்கங்கள்: ஆய்வுக்கு முன் நாற்பத்தாறு. ஆய்வுக்குப் பின் பூஜ்யம்.’ அரங்கம் கைதட்டியது.

டீச்சர் மைக்கைப் பிடித்தார். “இது வெற்றி இல்ல. பிள்ளைங்க மடிக்காததுக்குக் காரணம், மடிக்கிற மாதிரி எதையும் இப்ப எழுதுறதில்ல. எல்லாப் பக்கமும் உங்களுக்காக எழுதினது. ஒரு வகுப்பு நம்பி எழுதிக்கிட்டிருந்தது. அதை நாம இஸ்திரி போட்டு...”

மணி அடித்தது. ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டதாம். சதவீதம் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். “டீச்சரோட தன்னடக்கத்தைப் பாருங்க. வெற்றி இல்லங்கிறாங்க! இந்த நேர்மைதான் ஒரு ஆய்வாளருக்குத் தேவை. மாணவர்கள் மனசுல இருந்த மறைவு நூறு சதவீதம் நீங்கியிருக்கு. இப்ப பயனடைந்த மாணவியே பேசுவாங்க.”

பள்ளி வேனில் தலைமையாசிரியர் முணுமுணுவை அழைத்து வந்திருந்தார். வராவிட்டால் அகமதிப்பீட்டு மதிப்பெண் கிடைக்காது என்று வீட்டில் சொல்லியிருந்தார். அதுவும் மேலே இருந்து சொன்னதுதான். அவள் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். ‘நாட்குறிப்பு என் வாழ்வில் ஒரு திருப்புமுனை’ என்று தொடங்கியது அது.

அவள் தாளைப் பார்த்தாள். அதை நாலாக மடித்தாள். மைக் அவள் உயரத்துக்கு எட்டாததால் யாரோ வந்து இறக்கிவிட்டார்கள். மேடை ஓரத்தில் நின்ற டீச்சர், ‘பேசாதே, வா போயிடலாம்’ என்று கையை நீட்டியபடி நடந்தார். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

“நான் அதை மடிச்சு வச்சிருந்தேன். யாரு பிரிச்சது?”

முணுமுணுப்பு இல்லை. முழுக்குரல். முதல் தடவையாகக் கேட்ட அந்தக் குரல் டீச்சர் நினைத்துவைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. டீச்சர் அந்த ஆண்டு முழுக்க ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் இப்படி வருவதற்கு அல்ல.

சதவீதம் மைக்குக்குத் தாவினார். “கவனிச்சீங்களா? இந்தப் பொண்ணுக்கு வகுப்புல என்ன பேர் தெரியுமா? முணுமுணு! ஆய்வுக்கு முன்னாடி ரெண்டாவது பெஞ்சுக்கு மேல கேட்காது. இப்ப எப்படிக் கேட்டுது? இதைவிட என்ன சார் நிரூபணம் வேணும்?”

கைதட்டல் கூரையைத் தொட்டது. சோபாவில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ‘மாணவி தெளிவாகவும் சரளமாகவும் ஒரு வினா எழுப்பினார்’ என்று மாநாட்டு நடவடிக்கைக் குறிப்பில் பதிவாயிருக்கிறது. விடை என்று ஒரு பத்தி அந்தக் குறிப்பில் இல்லை.

சான்றிதழ் கொண்டுவந்தார்கள். கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் லேமினேட் செய்த சான்றிதழ். புகைப்படக்காரர் அவளையும் சதவீதத்தையும் நெருங்கி நிற்கச் சொன்னார். முணுமுணு சான்றிதழை வாங்கி, எழுத்துகள் உள்பக்கம் போகும்படி நடுவில் வளைத்து அழுத்தினாள். அது மடியாமல் திமிறி நிமிர்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் நிமிர்ந்தது.

“அதை மடிக்கக் கூடாதும்மா” என்றார் சதவீதம், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

அவள் சான்றிதழை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

“மடிய மாட்டேங்குது சார். நீங்களே வச்சுக்குங்க.”

அப்போது மைக் அவள் முன்னால் இல்லை. ஆனாலும் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.